பெயரில்லாத பொத்தான்கள்

குவோப்பியோவில் ஜூன் கடைசியில்
நள்ளிரவு என்பது வெறும் சொல்.
ஏரிமேல் வெயில் ஒட்டிக்கொண்டிருக்கும்,
கழுவாத தட்டில் மஞ்சள் கரு போல.
அந்த வெளிச்சத்தில்தான் பன்னிரண்டு அடித்தது,
ஓஸ்மோவின் செயலி செத்தது.

விஷயம் இதுதான்:
நிறுவனம் தன் சுவருக்கு விலை வைத்தது.
அதுவரை யார் வேண்டுமானாலும் ஒரு ஜன்னல் செய்து
அதில் பொருத்திக்கொள்ளலாம்.
ஓஸ்மோவின் ஜன்னலைச் செய்தவள்
செகெட் நகரத்து ஒர்ஷோல்யா;
பகலில் பல் மருத்துவமனையில் கணக்கெழுதுகிறாள்.
மாதக் கட்டணம் என்று வந்த தொகையின் பூஜ்யங்களை
இரண்டு முறை எண்ணிப் பார்த்தாளாம்.
மூன்றாம் முறை எண்ணவில்லை.

நான் ஐந்தாம் எண் பேருந்து ஓட்டுகிறவள்.
ஒன்பது வருடம், கடைசி நிறுத்தத்தில் கிடைக்கும்
பதினோரு நிமிடங்களில்
முகம் தெரியாதவர்களின் காளான்களுக்குப் பதில் சொன்னேன்.
படம் அனுப்புவார்கள்: இதைத் தின்னலாமா?
எண்ணெய் காய்கிறது, சீக்கிரம், என்பார்கள் சிலர்.

எங்களில் தேர்ந்தவன் ஓஸ்மோ.
பிறவியிலேயே பார்வை இல்லை.
படத்தை நாங்கள் பார்ப்போம், அவன் கேட்பான்:
கீறினால் பால் வடிகிறதா?
வாசனை என்ன, ஆப்ரிகாட்டா, ஈர மாவா?
தண்டு சாக்பீஸ் போல் முறிகிறதா,
நார் நாராய்க் கிழிகிறதா?
மண்ணைத் தோண்டு, குதிகாலில் பை இருக்கிறதா?
பை இருந்தால் அவன் குரல் மாறிவிடும்,
எழுத்தில்கூடத் தெரியும் எனக்கு.

இரண்டு நாள் கதவடைத்துப் பார்த்தோம்.
தானாக அடங்கிவிடுவார்கள் என்றது மேலிடம்.

ஜூலை முதல் தேதி
கம்பெனிச் செயலியை இறக்கிக்கொண்டு போன் செய்தான்.
ஒலிபெருக்கியில் போட்டு விரலை ஓட்டினான்.
பொத்தான், என்றது.
பொத்தான். பொத்தான். படம். பொத்தான்.
பெயர் வைக்காத பிள்ளைகளை நிறுத்தி
வருகைப் பதிவு எடுப்பது போல.
"இதில் எது வாசல், ஹில்லெவி?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.
நான் சிரிக்கவில்லை.

கிளம்புவது என்று முடிவானதும்
எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு வா என்றார்கள்.
நம் சொல், நம் தூக்கம்,
அதை விற்றுத் தின்ன விடுவானேன்?
நியாயம்தான்.
உட்கார்ந்து அழித்தேன்.
உப்பில் ஊறப்போடும் பக்குவம், போனது.
ஒரு டேனிஷ்காரரோடு மூன்று நாள் சண்டை, போனது;
அவர் சொன்னதுதான் சரி, அதுவும் போனது.
எவனோ காட்டில் காதலியைத் தொலைத்துவிட்டு
எங்களிடம் வழி கேட்ட இரவு.
பிறகு இது வந்தது:
வெள்ளை. குதிகாலில் பை. சாப்பிடாதீர்கள்.
சாப்பிட்டிருந்தால், படிப்பதை நிறுத்திவிட்டு
மருத்துவமனைக்குப் போங்கள்.
விரல் நின்றது.
இதை யாரிடமிருந்து பறிக்கிறேன்?
நிறுவனமா காளான் பொறுக்கப் போகிறது?

இருநூற்றுப் பதினாறு சாப்பிடாதீர்கள்களை
அங்கேயே விட்டு வந்தேன்.
காலி செய்யும் வீட்டில்
இந்த சுவிட்ச் ஷாக் அடிக்கும் என்று
கரியால் எழுதிவைப்பதில்லையா.

இப்போது நாங்கள் நாற்பத்திரண்டு பேர்.
ஓலுவில் ஒருவர் வீட்டுத் துடைப்ப அலமாரியில் சர்வர்;
அவர் இஸ்திரிப் பெட்டி போட்டால்
எல்லோரும் அணைந்துபோவோம்.
ஆனால் பொத்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு.
ஓஸ்மோ வைத்தது. ஒன்றின் பெயர்
"இதைத் தொடாதே, ரெய்யோ".

செப்டம்பர். மழை. கடைசி நிறுத்தம்.
பழைய இடத்திலிருந்து மின்னஞ்சல்:
உங்கள் பதிவுக்கு ஒருவர் பதிலளித்துள்ளார்.
படிக்க, எங்கள் செயலியை நிறுவுங்கள்.
பதினோரு நிமிடத்தில் நான்கு
கோபித்துக்கொள்வதிலேயே கழிந்தது.
நிறுவினேன்.
பொத்தான், விளம்பரம், பொத்தான், சூதாட்ட விளம்பரம்,
அதற்கும் கீழே, முற்றுப்புள்ளிகூட இல்லாமல்:
சாப்பிடல

செயலியை அழித்தேன்.
கதவைத் திறந்தேன்; நனைந்தவர்கள் ஏறினார்கள்.