இரவல் அடைக்கோழி

மட்டக்குளியில், ஆற்றுவாய்க் காற்று
உப்பும் டீசலுமாக வந்து திரும்பும் ஒழுங்கையில்
எங்கள் பின்சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
பதினொரு அடி நிலம்.
அதில்தான் பிரம்மாக்கள்.

சேவலின் விலையை யூஜினுக்கு இன்னும் சொல்லவில்லை.
போனஸ் காசில் பாதி என்றேன்.
எந்தப் பாதி என்று அவரும் கேட்கவில்லை.

வெள்ளை உடம்பு. கழுத்திறகு ஒவ்வொன்றிலும்
ஈர்க்கால் மை இழுத்தது போல் கறுப்பு.
கொண்டை மூன்று வரி, பட்டாணி அடுக்கியது மாதிரி.
செட்டை நடுவிரல் மட்டும் வந்து மூட வேண்டும்;
நடுவிரல் வெறுமையென்றால் அது பிரம்மா இல்லை,
பிரம்மாவுக்குத் தூரத்து உறவு
என்பார் தெமட்டகொட ரிஸ்மி நானா.
குஞ்சுகளைத் தலைகீழாகப் பிடித்துக்
கால் பார்க்கப் பழகினேன்.
பெண் பார்க்க வந்த அன்று
மாமி என் பாதத்தைப் பார்த்தது அப்படித்தான்.

ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன்.
தகப்பன், தாய், தாயின் தகப்பன், முட்டையின் நிறை.
என் பூட்டனின் பெயர் எனக்குத் தெரியாது.
சேவலின் பூட்டனுக்கு நம்பர் இருபத்தேழு.

முதல் ஈட்டுக்குப் பேடு தானே அடைகிடந்தது.
நாலரைக் கிலோ. செருப்புப் போட்டது போல் பாதம்.
இருபத்தோராம் நாள் ஏழு குஞ்சு,
மறுநாள் நாலு.
கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பார்கள்.
சாகும்.
சொன்னவர்கள் ஊர்க்கோழி வளர்த்தவர்கள்.
பேடு குனிந்து, தான் மிதித்ததையே
கொக் கொக்கென்று தீனிக்குக் கூப்பிட்டது.
கொப்பியில் நான் எழுதியது ஒரு சொல்: நட்டம்.

இரண்டாம் ஈட்டுக்கு ரெஜிபோம் பெட்டி, நாற்பது வோட் பல்ப்.
பதினாறாம் இரவு கரண்ட் போனது.
விடியுமட்டும் போத்தல்களில் சுடுதண்ணீர் மாற்றினேன்.
காலையில் டோர்ச்சை அடியில் பிடித்தால்
பத்து முட்டைக்குள்ளும் ஓர் அசைவில்லை.
கழுவாமலே அலுவலகம் போனேன்,
கையில் அந்தச் சூடு.

பிறகுதான் நிலாந்தியிடம் போனது.
கால்வாய்க் கரையில் குப்பை கிளறும் அவளுடைய கோழிக்கு
நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லை:
கொஞ்சம் மண், கொஞ்சம் துரு,
வாலில் எந்தச் சேவலோ விட்டுப்போன பச்சை.
கழுத்து மொட்டை. ஒரு கண்ணில் பூ.
வாடகை எவ்வளவு என்றேன்.
மூன்று முட்டை தாங்கோ, அப்பத்தில் உடைத்து ஊற்ற
என்று பாதி சிங்களத்தில் சொல்லி
கோழியைச் செட்டையில் பிடித்துத் தந்தாள்.

எட்டு முட்டையையும் அது தன் கீழே தள்ளிக்கொண்டது,
எப்போதும் ஒன்று வெளியே தெரிய.
இரவில் போய்ப் பார்ப்பேன்:
விளிம்பில் குளிர்ந்ததை அலகால் நடுவுக்கு உருட்டும்,
நடுவில் இருந்ததை விளிம்புக்கு.
யாருடைய முட்டை என்று அது பார்க்கவில்லை.
ஒரு நாள் கீரி வந்திருக்க வேண்டும்.
கம்பி வலையில் நரை மயிர்;
முட்டைகள் அப்படியே கிடந்தன.

ஒன்று கூழ். ஏழு குஞ்சு.
ஏழுக்கும் நடுவிரல் மூடியிருந்தது.

பம்பலப்பிட்டி டொக்டர் சோடி பார்க்க வந்தார்.
கால் பார்த்தார், கொண்டை பார்த்தார், கொப்பி பார்த்தார்.
"தாய் எது?"
மூலையில் புழுதி குளித்துக்கொண்டிருந்த
வெள்ளைப் பேட்டைக் காட்டினேன்.
அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு மேலே ஒரு காகம்.
மொட்டைக் கழுத்து ஒரு சத்தம் போட்டது, தகரம் கிழிவது போல.
ஏழும் ஓடிப் போய் அதற்குள்ளே ஒளிந்தன.
டொக்டர் என்னைப் பார்த்தார்.
நான் காகத்தைப் பார்த்தேன்.

இப்போது எட்டு வாரம்.
குஞ்சுகள் அதன் உயரத்துக்கு வந்துவிட்டன,
இரண்டு அதைவிடப் பெரிது.
மாலையானால் இன்னும் அதன் அடியில்தான் தலை நுழைக்கின்றன,
முதுகும் வாலும் வெளியே கிடக்க.
அது மெல்ல மெல்ல நிலத்தைவிட்டு எழும்பி
ஏழு முதுகுகளின் மேல் சரிந்து,
ஒரு கால் ஊன்ற இடம் தேடி,
செட்டை இரண்டையும் விரித்துப் பிடித்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறது.

வாசலில் நிலாந்தி.
கோழியைக் கேட்டு வந்திருக்கிறாள்.
வியாழக்கிழமை வாங்கோ என்கிறேன்.
போன கிழமையும் அதைத்தான் சொன்னேன்.