நாமா, நாங்களா

கண்ணாடி அறைக்குள்
அமைச்சருக்கு அரை வினாடி பின்னால் நான்.
"வீ" என்கிறார்.
ஆங்கிலத்துக்கு அது போதும்,
எனக்குப் போதாது.

பள்ளிகளைக் கட்டியது நாங்கள்.
வளர்ச்சி விழுக்காட்டைச் சரியாமல் பிடித்தது
நாங்கள்.
இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டியது,
அவர் தண்ணீர் குடித்த இடைவெளியில்
முடிவு செய்தேன்,
நாம்.

எதிர் வரிசையில் ஒருவர் எழுந்து
துணைப்பாடச் செலவைக் கேட்டார்.
ஒரு பிள்ளையையும் கைவிடவில்லை என்று
என் குரலில் பதில் போனது,
தடுக்காமல், திக்காமல்.
நேற்றிரவு ஈசூன் வீட்டில்
தீட்சனாவின் கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டபோது
இந்தக் குரல் எனக்கு வாய்க்கவில்லை.

மேசைகள் தட்டப்பட்டன.
கைதட்டலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்,
ஒலிவாங்கியை அணைத்துவிட்டு
ஆறிய மைலோவைக் குடித்தேன்.

கடைசி வாக்கியத்தில் "நம் சாதனை" என்றேனா,
"எங்கள் சாதனை" என்றேனா,
நினைவில்லை.
பதிவில் இருக்கும்.
யாரும் கேட்டுப் பார்க்கப் போவதில்லை,
நான் உட்பட.

மின்தூக்கியில் கைப்பேசி அதிர்ந்தது.
துணைப்பாட நிலையம்.
அடுத்த தவணையிலிருந்து கட்டணம் கூடுகிறதாம்.
அதிலும் "வீ"தான்.
அந்த ஒன்றில் மட்டும்
எனக்குக் குழப்பமே வரவில்லை.