ட்ரூக், ஒரு ஞாயிறு

பாதாமி, அய்ஹொளெ, தௌலதாபாத்.
சைஸ் ஸ்டிக்கரின் பின்பக்கத்தில்
ஊர்ப்பெயர்களை எழுதிவைத்திருந்தாள் சகாயராணி.
செக்கிங் டேபிளில் பீஸ் குறைந்த நேரமெல்லாம்
அதைத்தான் பேசுவாள்.
மலையைக் குடைந்து தூண் விட்டு, கூரை விட்டு,
மிச்சத்தை வெளியே எடுத்தார்களே,
அந்தக் கல்லெல்லாம் எங்கே போயிருக்கும்?

ஏழு நாள். ஆளுக்கு ஆறாயிரத்து நானூறு.
முன்பதிவில்லாப் பெட்டி, சத்திரத்துத் தரை,
ஒருவேளை சோறு, மற்றதெல்லாம் பன்.
கணக்கு நேராகத்தான் வந்தது.
லீவுதான் வரவில்லை.

ஷிப்மெண்ட் போன மறுநாள் ஒரு ஞாயிறு கிடைத்தது.
இருவரிடமும் சேர்த்து எழுநூற்று எண்பது.
"நம்ம காசுக்குத் தோதா ஒரு கோட்டை
குன்னூர்ப் பக்கம் இருக்குதாம், வா" என்றாள்.

அவிநாசியில் இருட்டு. மேட்டுப்பாளையத்தில் வெளிச்சம்.
மூன்றாவது கொண்டை ஊசியில் நான் வாந்தி எடுத்தேன்.
பர்லியாறில் எலுமிச்சம்பழம், ஐந்து ரூபாய்.
குன்னூரிலிருந்து உள்ளூர் பஸ்ஸில்
பெண்களுக்குக் காசில்லை என்றார் கண்டக்டர்.
பூஜ்யம் அச்சடித்த அந்தச் சீட்டை
சகாயராணி பர்ஸில் பத்திரப்படுத்தினாள்,
ஏதோ பட்டா கிடைத்த மாதிரி.

இறங்கியதும் தேயிலை, தேயிலை, தேயிலை.
எஸ்டேட் வாட்சர் பெள்ளன் தடியை நீட்டி நிறுத்தினார்:
வழியில் காட்டெருமை மூன்று.
"அங்க ஒண்ணும் இல்லியே, ஒரு சுவருதான்.
அதுக்கா திருப்பூர்லேர்ந்து?"
ஒன்றே முக்கால் மணி நேரம் பாறையில் உட்கார்ந்து
வர்க்கி தின்றோம். கடைசி பஸ் நாலரைக்கு.
எருமைகளுக்கு அது தெரியாது.

அவர் சொன்னது சரிதான். ஒரு சுவர்.
அதையும் ஒரு அத்திமரம் பாதி விழுங்கியிருந்தது.
திப்பு கட்டினது என்கிறார்கள்,
அதற்கும் முந்தியது என்கிறார்கள்,
பக்காசுரன் இருந்தான் என்றும்.
பலகை எதுவும் இல்லை, டிக்கெட் கவுண்டர் இல்லை,
யாரோ சுரேஷ் யாரோ பிரியாவை
சுண்ணாம்பில் கீறியிருந்தான்.

நான் ஏமாந்துதான் போனேன், சொல்வதற்கென்ன.
ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம்
சட்டென்று தரையே இல்லை.
கீழே பவானி ஒரு நூல்பிசிறு.
கிழக்கே புகை மண்டிய இடம்
நம்ம ஊராக இருக்கும் என்று
வேண்டுமென்றே நம்பினோம்.

அப்போதுதான் தோன்றியது:
இங்கே ராஜா நின்றிருக்க மாட்டான்.
நின்றது எவனோ ஒரு கூலிக்காரன்.
ராத்திரி ஷிப்ட். குளிர். மூக்கொழுகல்.
கண்ணைக் கசக்கிக்கொண்டு சமவெளியைப் பார்த்துக்கொண்டே
கையில் வரும் படியை விரல்விட்டு எண்ணியிருப்பான்,
பாக்கி எவ்வளவு, எப்போது மாற்று ஆள் வரும் என்று.
ஒரு பழுதும் கண்ணுக்குத் தப்பக் கூடாது.
எங்கள் வேலைதான்.

"கால் வலிச்சிருக்கும் அவனுக்கு" என்றாள் சகாயராணி.
நான் அதுவரை அதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

பஸ் போய்விட்டிருந்தது.
இறங்கும் வழியில் ஓடைப்பாலத்தருகே அவள் நின்றாள்.
எஸ்டேட் கட்டிய தடுப்புச் சுவரில்
நாலைந்து கல் மட்டும் வேறு ஜாதி.
விளிம்பு சீவிய கல், மூலையில் பழஞ்சுண்ணாம்பு.
"இங்கதான் போயிருக்கு" என்றாள்.
குகையின் கல் இல்லை, கோட்டையின் கல்தானா
என்பதும் நிச்சயமில்லை.
அவள் மட்டும் கேள்வித்தாள் திருத்திய டீச்சர் போல
நிம்மதியாக நடந்தாள்.

ஞாயிறிலும் கொழுந்தெடுக்கும் சீசன்.
இலை ஏற்றிப்போன பிக்கப் வண்டிக்காரர்
ஆளுக்கு அறுபது கேட்டார்.
இருவருக்கும் சேர்த்து எழுபதுக்குப் படிந்தது.
பின்னால் ஏறி மூட்டைகள்மேல் சாய்ந்தோம்.
பறித்த இலை உள்ளே சூடேறும் என்பது
அதுவரை எங்களுக்குத் தெரியாது.
பனி இறங்க இறங்க
முதுகு மட்டும் வெதுவெதுவென்று இருந்தது.