கத்துவதற்கென்று ஒரு தகடு

மூன்று வாரமாகக் கத்தியது.
நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
பாட்டுக்குப் பிள்ளைகள் தாளம் போட்டார்கள்.
தாளத்துக்கு நடுவே
முன்பக்க இடது சக்கரம் கீச்சென்று ஒத்து ஊதியது.
"அக்கா, வேனுக்குள்ள குருவி இருக்கு"
என்றாள் லோஷினி, இரண்டாம் ஆண்டு.
ஆமாம் என்றேன்.

மாதக் கடைசி.
மூணாம் பிரிவில் நான்கு வீடு
இன்னும் வேன் காசு தரவில்லை.
மழையில் குலை வெட்டு பாதி நாள் நின்றிருக்கிறது,
எந்த வாயால் கேட்பது?
குருவி இருக்கட்டும்.

சனிக்கிழமை, பீடோர்.
ஹொக் லாய் பெங்கேலில் வேன் ஜாக்கியில் ஏறியது.
எங்கள் தோட்டத்துச் சில்லறைக்கடையில் வளர்ந்தவன்,
தமிழில்தான் திட்டுவான்.
சக்கரத்தைக் கழற்றி உள்ளே கைவிட்டு
இரண்டு பட்டைகளை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தான்.
ஒன்று பிஸ்கட் கனம்.
மற்றது பள்ளி நோட்டின் அட்டை.
"ஒரே சக்கரம்தானே, ஏன் இப்படி?"
"பின் இறுகிப்போச்சு மோகனா.
கிரீஸ் பார்த்து எத்தனை வருசம்?
ஒண்ணே எல்லாத்தையும் தாங்கியிருக்கு."

தேய்ந்ததின் ஓரத்தில்
நகக்கண் அளவு ஒரு தகடு வளைந்து நின்றது.
"இது எதுக்குத் தெரியுமா?
கத்துறதுக்கு.
பட்டை தேஞ்சா இது போய்த் தட்டுல உரசும், கத்தும்.
வேற வேலையே கிடையாது இதுக்கு."

தொட்டுப் பார்த்தேன்.
சூடு ஆறியிருந்தது.
மூன்று வாரம்
தன் ஒரே வேலையை அது செய்திருக்கிறது.

பிறகு எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திறந்தான்.
தே ஓ நிறம்.
இரண்டு வருடத்துக்கொரு தடவை மாற்ற வேண்டுமாம்.
இறுக்கி மூடியிருந்தாலும்
காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்குமாம்.
இந்த ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்?
தண்ணீர் சேர்ந்த எண்ணெய்
நீண்ட இறக்கத்தில் கொதித்தால்
மிதி பஞ்சாகிவிடும் என்றான்.
பஞ்சு என்ற சொல்லுக்கு
என் வலது கால் தானாக
சிமெண்டுத் தரையை மிதித்தது.

"அறுபது வெள்ளிக்கு ஒரு செட் இருக்கு.
நூத்தி முப்பதுக்கு ஒண்ணு."
"என்ன வித்தியாசம்?"
அவன் பதில் சொல்லாமல்
வேனுக்குள் எட்டிப் பார்த்தான்.
பின் இருக்கையில் யாரோ மறந்துபோன
ஒற்றைக் கறுப்புச் சப்பாத்து.
நூற்று முப்பதையே போடச் சொன்னேன்.
பாதி இப்போது, பாதி பத்தாம் தேதி.
எண்ணெய் மாற்றிய கூலியை அவன் சொல்லவில்லை,
நானும் மறந்ததுபோல் இருந்தேன்.
கடன் நோட்டில் என் பெயரைச் சீனத்தில் எழுதினான்.
இரண்டே எழுத்து.
இவ்வளவு சின்னதாகவா நான் என்று நினைத்தேன்.

"உடனே நம்பிடாதே.
புதுப் பட்டை தட்டோட பழகணும்.
ஆளில்லாத ரோட்டுல அறுபதுல போ,
மெதுவா இருபதுக்கு இறக்கு,
ஆறவிடு. பத்துத் தடவை."

செம்பனைகளுக்கு நடுவே தோட்டத்துத் தார்ரோடு.
அறுபது. இருபது.
யாருமில்லாத இடத்தில்
யாரோ குறுக்கே வருவதுபோல்
வேகம் குறைத்துக்கொண்டே போனேன்.
நான்காவது தடவை ஓர் உடும்பு வந்தது,
வேனைப் பார்த்துவிட்டு
நம்பாமல் திரும்பிப் போனது.
கவினேஷ் குறுக்கே ஓடுவான் என்று நினைத்துக்கொண்டேன்,
எப்போதும் ஓடுகிறவன் அவன்தான்.
ஆறாவதா ஏழாவதா, எண்ணிக்கை தவறியது.
முதலிலிருந்து எண்ணினேன்.

எல்லாம் ஆறிய பிறகு
முழுசாக நிறுத்திப் பார்த்தேன்.
சத்தமே இல்லை.
எஞ்சினை அணைத்தேன், மட்டைகளின் சலசலப்பு கேட்டது.

பின்னால் வந்த குலை லாரி ஓரம் கட்டியது.
"காடி ரோசாக்கா, அக்கா?"
"இல்ல தம்பி.
நல்லா நிக்குது."
அவன் ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

திங்கள் காலை
லோஷினி இருக்கைகளுக்கு அடியில் தேடினாள்.
டாஷ்போர்டிலிருந்து அந்தத் தகட்டை எடுத்து
அவள் கையில் வைத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது குருவி இல்ல."
இல்லை என்றேன்.