பிரபுவின் கத்தரிக்கோல்

வருகிறவரின் பெயர் கோப்பில் ஒன்றேகால் பக்கம்.
தார்ன்மியரின் ஏழாம் வைகவுண்ட்,
ஒரு படைப்பிரிவுக்குக் கௌரவக் கர்னல்,
பார்வையற்றோர் படகுச் சங்கத்தின் புரவலர்,
கழுதைகள் காப்பகத்தின் துணைத்தலைவர்,
அழியும் பறவைகளுக்கான அறக்கட்டளையின் தலைவர்.
"முன்னாள்" என்று தொடங்குகிற வரிகள் தனி.
இருக்கைச் சீட்டில் இதில் எதைப் போடுவது என்று
போர்ட் லூயிஸ் அலுவலகத்தில் இரண்டு நாள் கூட்டம்.
கடைசியில் "லார்ட் தார்ன்மியர்" என்று மட்டும் அடித்தேன்,
எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி.

பிளெசான்ஸ் விமான நிலையத்தில்
மாலைக்குக் குனிந்தபோது பார்த்தேன்,
சட்டைக் காலரைத் திருப்பித் தைத்திருந்தது.
தேவகுஞ்சரி சினத்தாம்பூ, வரவேற்புப் பிரிவு, என்றேன்.
ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுச்
சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.
சின்னத்தம்பியாக இருந்திருக்கும்.
கப்பலடியில் ஒரு குமாஸ்தா
காதில் விழுந்தபடி எழுதியது.
அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ரோஸ் பெல்லில் டயாலிசிஸ் பிரிவு.
தட்டில் பட்டு விரித்துக் கத்தரிக்கோல் வைத்திருந்தோம்.
அவர் கோட்டுப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார்,
கறுப்புப் பிடி, தையற்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி.
"தட்டில் வருவது எதுவும் வெட்டாது.
நாற்பத்தொரு வருடமாகப் பார்க்கிறேன்."
ஒரே கடி. ரிப்பன் விழுந்தது.
மந்திரி கைதட்டினார்.
குழாய் ஏறிய கையை அசைக்க முடியாத ஒருவர்
மறு கையால் தொடையில் தட்டினார்.
பிரபு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.
அட்டவணையில் இரண்டு நிமிடம். ஒன்பது ஆயிற்று.
இவருக்குக் கிரியோல் வராது, அவருக்கு ஆங்கிலம் வராது.
என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன்.
"அவர் வீட்டுக் கூரை ஒழுகுதாம்.
போனில் படம் காட்டினார். பாவம்" என்றார் நோயாளி.

காரில் அவரே சொன்னார்:
மேலவையில் அப்பா உட்கார்ந்த இடம்
ஒரு சட்டத்தோடு போயிற்று.
வீட்டில் அறுபத்திரண்டு அறை, கணப்பு எரிவது மூன்றில்.
ஞாயிறுகளில் வாசலில் நின்று சீட்டுக் கிழிக்கிறார்.
காவலாளி என்று நினைத்துச் சிலர்
இரண்டு பவுண்டு தருவார்கள்.
"வாங்கிக்கொள்வேன்."
எனக்கு இரக்கம் வரவேண்டிய இடம்.
வரவில்லை.
அறுபத்திரண்டு அறை.

ஜன்னலுக்கு வெளியே கரும்பு, கரும்பு, கரும்பு.
"எங்கள் கிழக்குக் கட்டடம் சர்க்கரைப் பணம்" என்றார்.
எந்தத் தீவின் சர்க்கரை?
கேட்டிருக்கக் கூடாது. கோப்பில் அதற்கும் ஒரு விதி உண்டு.
"இது இல்லை" என்றார், கொஞ்சம் அவசரமாக.
இரண்டு வளைவு தாண்டி,
"பார்க்கவேண்டும்."

பிளாக் ரிவரில் இளஞ்சிவப்புப் புறா.
காலில் வளையம், வளையத்தில் எண்.
கூண்டைத் திறந்தார்.
புறா வரவில்லை.
கேமராக்கள் தாழ்ந்தன, உயர்ந்தன, தாழ்ந்தன.
தொப்பியைக் கழற்றிப் புல்லில் உட்கார்ந்துவிட்டார் பிரபு.
வேறு வழியில்லாமல் மந்திரியும்.
கால் மணி நேரம் கழித்து
பறக்காமல், நடந்தே வெளியே வந்தது,
கூட்டத்துக்குப் பிந்தி வரும் அதிகாரியைப் போல.
எங்களில் சிரித்தது அவர் ஒருவர்தான்.

திரும்பும் நாள்.
கைப்பையைத் துழாவிய காவலர்
கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டினார்.
எத்தனை விமானம் ஏறியவர், மறந்திருப்பாரா?
தெரியவில்லை.
"உங்கள் தட்டில் வையுங்கள்" என்று
என் பக்கம் கைகாட்டிவிட்டுப் போனார்.
கோட்டின் அந்தப் பை மட்டும்
தொங்கியபடியே போயிற்று.

பேருந்து நிலையத் திறப்பு, பள்ளிக்கூடச் சமையலறை,
ஒரு நீச்சல் குளம்.
தட்டைப் பற்றி யாரும் இப்போது குறை சொல்வதில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு கடிதம்.
என் பெயரில் ஓர் எழுத்தும் பிசகவில்லை.
உறையை அதே கத்தரிக்கோலால் நறுக்கினேன்.
உள்ளே முத்திரை இல்லாத தாள், இரண்டு வரி:
"கணக்குப் புத்தகங்களைப் பார்த்தேன்.
இதுவும்தான்."

அலுவலகத்துக்கு வரும் எல்லாக் கடிதத்தையும்
கோப்பில் சேர்க்கவேண்டும்.
இதை இன்னும் சேர்க்கவில்லை.