வலப்பக்க எலிவேட்டர்

பாடாங் செராயில் எலிவேட்டர் என்றால்
லிஃப்ட் என்றுதான் அர்த்தம்.
"எந்த மாடிக்கு?" என்பார் அப்பளசாமி.
டயர் கடைக்காரர். கடையின் பின்பாதியை
மாதம் இருநூற்றைம்பது வெள்ளிக்கு
எனக்கு விட்டிருப்பவர்.
வாலில் இருக்கும், அது ஆடினால்
மூக்கு ஏறும் இறங்கும் என்று
கையை மடக்கிக் காட்டினேன்.
"நாய்க்கும் அப்படித்தானே" என்றார்.

உடல் முடிந்துவிட்டது.
அலுமினியத் தகடு, நானூற்றுப் பன்னிரண்டு ரிவெட்.
முனை மட்டும் திறந்து கிடக்கிறது,
பாதி தின்று வைத்த பிஸ்கட் பொட்டலம் போல.
வரைபடத்தில் அதற்கு ஒரே வரி:
முனைகளைக் கட்டுபவர் விருப்பப்படி முடிக்கவும்.

விருப்பமாம்.
ஐந்து வருஷம் அரை மில்லிமீட்டருக்குக்கூட
என்னை ஒரு வார்த்தை கேட்காத படம்.

செவத்தியான் திறந்தே விடச் சொன்னார்.
கீலுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிராமும்
வேகத்தில் நடுக்கமாகத் திரும்பி வரும்,
நடுக்கம் முற்றினால் வால் பிய்ந்துவிடும்.
சரியான பேச்சு.
கையுறை ஃபேக்டரியில் பதினாறு வருஷம்
எடை பார்த்த மனுஷன், என் புருஷன்.
நான் பதில் சொல்லவில்லை.

தீபாவளி லீவு முடிந்து கதவைத் திறந்தால்
குளவி சொல்லி வைத்திருந்தது.
உள்ளே, கடைசி விலாவின் மூலையில்,
கட்டைவிரல் பருமனுக்கு மண்வீடு.
சுரண்டி எடுத்துச் சமையல் தராசில் வைத்தோம்.
பதினொரு கிராம்.
"இதுவும் கட்டுபவர் விருப்பம்தான்" என்றார்
செவத்தியான். அதற்குமேல் பேசவில்லை.

நுரைக்கட்டையை அளந்து வெட்டி ஒட்டினேன்.
உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க
விளிம்பு வளைந்து வந்தது,
புருவமெல்லாம் நீலத்தூள்.
நாலு மணிக்கு மழை வரும் ஊர் இது.
ஈரத்தில் பூசினால் எபொக்சி வியர்க்கும்,
மேலே மெழுகாய்ப் பிசுபிசுக்கும்.
அதனால் மழை விட்டுக் காற்று உலர்ந்தபின்
இரவு பத்துக்கு மேல்தான்
நார்த்துணியை விரித்துப் பிசின் தடவுவது,
செம்பனை ஆலையின் வாடை
ஜன்னல் வழியே வந்து போகும்.
பகலில் பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பும் போர்விமானம்
தகரக் கூரையை உலுக்கிவிட்டுப் போகிறது.
அதன் வாலையும் யாரோ முடித்திருப்பார்கள்.
அவர்களை விருப்பம் கேட்டிருப்பார்களா, தெரியாது.

கடைசியாய் அடியில் ஒரு துளை,
மூன்று மில்லிமீட்டர், தண்ணீர் வடிய.

முப்பத்தெட்டு கிராம் கூடியிருந்தது.
கீலில் தொங்கவிட்டால்
பின்பக்கம் மெல்லத் தலைகுனிகிறது.
அப்பளசாமி எட்டிப் பார்த்தார்,
சக்கரத்தில் அடிக்கும் ஈயத்துண்டுகளை
ஒரு கை அள்ளி வந்தார்.
"பேலன்ஸ் பண்றது நம்ம வேலைம்மா."
ஐந்து போதவில்லை. எட்டு அதிகம்.
ஏழாவதைப் பாதியாய் அறுத்து வைத்தோம்.
நின்றது.
மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தோம்,
அப்போதும் நின்றது.

சுவரில் மாட்டத் தூக்கினேன்.
உள்ளே ஏதோ உருண்டது.

"ரிவெட் துண்டா இருக்கும். விடு,
இன்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?"
எனக்குக் கேட்கும்.
இன்னும் வாங்காத இன்ஜின்,
இன்னும் ஏறாத மூவாயிரம் அடி,
இப்போதே கேட்கிறது.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு
முறத்தில் கல் ஒதுக்குவதுபோல்
சாய்த்தோம், தட்டினோம், திருப்பினோம்.
துளைக்கு வரும், எட்டிப் பார்க்கும், நழுவிவிடும்.
மணி ஒன்று. அவருக்கு ஆறு மணி ஷிஃப்ட்.
துளையை நாலு மில்லிமீட்டராக்கினேன்.

விழுந்தது ரிவெட் இல்லை.
மண்.
குளவி வீட்டில் மிஞ்சிய ஒரு பொட்டு.

தராசில் வைத்தேன்.
பூஜ்யம் என்றது.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
பூஜ்யம்.

இடப்பக்க எலிவேட்டர்
சுவரோரம் வாய் திறந்து நின்றது.
விளக்கை அணைக்கும் முன்
செவத்தியானின் பழைய பனியனை எடுத்து
அதன் வாயில் திணித்தேன்.