குடையின் மேல் பழி

ஆனி பிறந்ததிலிருந்து
வாரத்துக்கு அரை லிட்டர் குடிக்கிறது வண்டி.
பச்சைத் தண்ணீர். கூலன்ட்.
செங்கோட்டையில் கோடு தொட ஊற்றிவிட்டுக் கிளம்பினால்
புளியரை தாண்டி
வளைவில் இரண்டாம் கியரில் ஏறும்போது
முள் மெல்ல எழுந்து நிற்கும்,
கூட்டத்தில் கேள்வி கேட்க எழுகிறவனைப் போல.

எங்கே போகிறது?
குனிந்து பார்த்தால் எல்லாம் ஈரம்.
சாரல் காலத்தில் ஒழுகலைத் தேடுவது
கல்யாண வீட்டில் செருப்பைத் தேடுவது மாதிரி.
ரேடியேட்டர் சொட்டுகிறது; சொட்டுவது மழை.
பம்ப் சொட்டுகிறது; அதுவும் மழை.
ஏ.சி. சொட்டுவது அதன் குணம்.
ஒவ்வொரு சொட்டையும் விரலில் எடுத்து
நிறம் பார்த்தேன், முகர்ந்தேன்.
புனலூர் ஆஸ்பத்திரி லேபில்
ஒன்பது வருடமாகச் சிறுநீர்ப் புட்டிகளோடு நிற்கிறவளுக்கு
இதிலெல்லாம் என்ன கூச்சம்.

வடகரை பக்கீர் மூடியை மாற்றினார். நூற்றைம்பது.
இலஞ்சி ரோட்டுப் பட்டறையில்
வாட்டர் பம்ப் என்றார்கள். ஆயிரத்து எண்ணூறு.
புதுப் பம்ப்பும் பழைய தாகமும்.
ஆரியங்காவு தங்கச்சன் மட்டும்
ஒன்றையும் கழற்றாமல்
பானட் மேல் கை வைத்து நின்று,
"ஹெட் கேஸ்கட் ஆயிருக்கும், சேச்சி" என்றான்,
வராந்தாவில் காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம்
டாக்டர் பேசுகிற குரலில்.
தொகை சொல்லவில்லை.
அந்தக் குரலிலேயே இருந்தது தொகை.

கோட்டைவாசல் சோதனைச்சாவடியில்
டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள்.
அரிசி உண்டா?
இல்லை சார்.
இரண்டு மாநிலத்துக்கும் தெரியாமல்
நான் சிந்திக்கொண்டு போவது
எந்தப் பக்கத்து மண்ணில் என்று
எனக்கே தெரியாது சார்.

கண்ணாடி உள்பக்கம் மங்கும். துடைத்தால் எண்ணெய்போல் இழுபடும்.
என் மூச்சு என்று நினைத்தேன்.
தென்மலையில் லிஃப்ட் கேட்டு ஏறுகிற ஜெஸ்ஸிமோள்,
"உள்ளே யாரெங்கிலும் சர்க்கரைப் பாகு கொட்டியோ?" என்றாள்.
போன வாரம் பலாப்பழம் ஏற்றினேன், அதுதான் என்றேன்.
அவள் செருப்புக்குக் கீழே சளக்கென்றது.
குடை, என்றேன்.
என் குடை எப்போதும் அங்கேதான், இடது பக்கம்,
கதவோரம் சாய்ந்து நிற்கும்.
அதுவும் மறுத்துப் பேசவில்லை.

ஒரு வியாழக்கிழமை
குடையை லேபிலேயே மறந்து வந்துவிட்டேன்.
வெள்ளி காலை மிதியடி நனைந்திருந்தது.

அப்படியே மண்டியிட்டேன், வேலைக்கு உடுத்திய புடவையோடு.
கம்பளத்தைத் தூக்கி வெள்ளைப் பஞ்சால் ஒற்றினேன்.
பச்சை.
விரலில் பிசுபிசுப்பு. இனிப்பு வாசம்.
ஊரார் சர்க்கரையையெல்லாம் அளந்து
காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறவள்
மூக்குக்கு முன்னால் இருந்ததை
பலாப்பழம் என்றிருக்கிறேன்.

டாஷ்போர்டுக்குப் பின்னால் கையகலத்தில் ஒரு பெட்டி.
ஹீட்டராம்.
நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருகுகிற குமிழ்,
வாங்கிய நாள் முதல் நீலத்திலேயே கிடந்தது.
தென்காசிச் சீமையில் சூட்டுக்கு யார் ஆசைப்படுவார்?
திருகாத குமிழுக்கும் பின்னால்
தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது
ஏழு வருடமாக.

தங்கச்சன் இரண்டு ஹோஸையும்
ஒரு துண்டுக் குழாயால் சேர்த்து
இரண்டு கிளிப் போட்டான்.
பெட்டி தனியே நின்றது, அதற்குள் இனி ஒன்றும் ஓடாது.
நூற்றெண்பது ரூபாய்.
"ஹீட்டர் இல்லாதே சேச்சி ஜீவிக்குமோ?"
இவ்வளவு நாள் ஜீவித்தது யார் என்றேன்.
கேஸ்கட்டைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும்.

பூனை நக்கிவிடாமல் தரையை மூன்று தரம் கழுவிவிட்டு
கம்பளத்தை மதில்மேல் போட்டேன்.
சனி காயவில்லை. ஞாயிறு காயவில்லை.
குற்றாலத்துக் காற்று
ஒரு வெயில் விட்டு ஒரு தூறலாக அனுப்பிக்கொண்டிருந்தது.
திங்கள் இரவு குடை வீடு வந்து சேர்ந்தது.
விரித்து
கம்பளத்துக்கு மேலே கட்டி வைத்தேன்.
எதிர்வீட்டு சண்முகவடிவு பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.